அலுமினியம் ஆறும்வரை

பிப்ரவரி 23, திங்கள்

தவக்காலத்துக்குக் கறியை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் கோபத்தை விடப்போகிறேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் பெருமையாகச் சொன்னேன். பங்குச் சாமியார் சிரித்துவிட்டார். உன்னால் அது ஆகாது, ஆட்கள்மேல் காட்டாமல் ஒரு நோட்டில் எழுதித் தொலை என்றார். பாவம் தீர்க்கிறவர் சிரிக்கலாமா? முதல் கோபம் அவர்மேல்தான். எழுதிவிட்டேன்.

இரண்டாவது கோபம் குக்கர். என் ஐந்து லிட்டர் குக்கரை அந்த ஆள் வாங்கிக்கொண்டு போய் மாதம் ஆகிறது. கேட்டால் கேஸ்கட் மாற்றித் தருகிறேன் என்கிறார். கேஸ்கட் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆள் என்றால் ததேயு. சட்டப்படியும் திருச்சபைப்படியும் என் கணவர். இரண்டு வருடமாக டவுன்ஷிப் ஹாஸ்டலில் இருக்கிறார், நான் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். வேறு பெண், குடி, சூது ஒன்றும் கிடையாது. ஹெர்னியா ஆபரேஷனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தூத்துக்குடி போய், பண்ணிக்கொண்டு, நாலாம் நாள் வீட்டுக்கு வந்து, ட்ரெயினிங் போயிருந்தேன் என்றார். தையலைப் பார்த்தேன். எனக்குச் சொன்னால் பயப்படுவேனாம். அப்படியென்றால் நான் பயப்படாத இடத்தில் போய் இருங்கள் என்றேன். போய்விட்டார். போ என்று சொன்னால் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசுகிறவர் என்றால் சரி. அதுவும் கிடையாது.

பிப்ரவரி 25, புதன்

இன்று ஆபீஸ் கோபம். அதற்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். இதை யாரும் படிக்கப்போவதில்லை, ஆனாலும் அரைகுறையாகத் திட்ட எனக்குப் பிடிக்காது.

சூரியனுக்குள் எரிகிற நெருப்பைப் பூமியில் எரித்து மின்சாரம் எடுக்க உலகமே முயன்றுகொண்டிருக்கிறது. அந்த நெருப்பிலிருந்து நியூட்ரான்கள் பறந்து வந்து சுற்றியுள்ள உலோகத்தில் மோதும். மோதினால் உலோகமே கதிரியக்கம் உள்ளதாக மாறிவிடும். எந்த உலோகம், எவ்வளவு மாறும், எத்தனை காலத்தில் ஆறும் என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் பிரிவின் வேலை. அதற்கு ஒரு நிரல் இருக்கிறது, ஒரு தரவு நூலகம் இருக்கிறது. எந்த அணுவில் எந்த வேகத்தில் நியூட்ரான் மோதினால் என்ன ஆகும் என்று பல நாட்டுக்காரர்கள் வருடக்கணக்காக அளந்து சேர்த்த எண்கள்தான் அந்த நூலகம். அதைப் பராமரிக்கிறவள் நான்.

எங்களிடம் அந்த நெருப்பு இல்லை. அதே வேகத்தில் நியூட்ரான்களைத் துப்புகிற ஒரு இயந்திரம் மட்டும் உண்டு. கடற்கரைப் பக்கம், கான்கிரீட் அறைக்குள். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் தகடுகளை மாட்டி அதன் முன்னால் வைப்போம். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, ஆட்கள் உள்ளே போய்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். அந்த ஆட்களுக்குத் தலைவர் ததேயு. எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்று சொல்வது எங்கள் கணக்கு.

நிரலுக்கு உள்ளீட்டுக் கோப்பு ஒன்று எழுத வேண்டும். என்ன உலோகம், இயந்திரம் எப்போதெல்லாம் ஓடியது என்கிற விவரம். எங்கள் பிரிவில் அதை யாரும் எழுதுவதில்லை. தலைவர் டாக்டர் கனகசபாபதி பல வருடங்களுக்கு முன்னால் எழுதிய ஒரு கோப்பு இருக்கிறது. அதற்குத் தாய்க் கோப்பு என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே அதை நகல் எடுத்துக்கொள்வார்கள், உலோகத்தின் பெயரை மட்டும் மாற்றுவார்கள். மீதி வரிகளில் யாரும் கைவைக்கமாட்டார்கள். கைவைத்தால் "நான் பண்ணினதுல என்ன குறை கண்டீங்க?" என்று சார் கேட்பார், முகம் வாடிவிடும். ஒரு ஆளின் முகம் வாடக் கூடாது என்று ஒரு பிரிவே வருடக்கணக்காக ஒரு கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் இருக்கிறது.

நானும் திறந்து பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

மோட்டார் எரிந்துவிட்டது. மேல் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லார்மேலும் கோபம்.

மார்ச் 2, திங்கள்

தண்ணீர் வந்தது. யார் மோட்டாரைச் சரிசெய்தார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். கூப்பிடாமல் வந்து சரிசெய்துவிட்டுப் போக அந்த ஆள் யார்?

கோப்புக்கு வருகிறேன். அதில் இயந்திரம் வருடம் முழுக்க மெல்லிசாக, ஒரே சீராக ஓடுவதாக எழுதியிருக்கிறது. உண்மையில் இது எப்போதோ ஓடும், எப்போதோ நிற்கும். மொத்தத்தைக் கூட்டி வருடத்துக்குச் சராசரி போட்டுவிட்டார் சார். அவர் எழுதிய காலத்தில் அது சரிதான். நூறு வருடம் கழித்து இந்தக் கழிவை எங்கே புதைக்கலாம் என்பதுதான் அன்றைய கேள்வி. நூறு வருடம் கழித்துப் பார்க்கும்போது எந்த வாரம் ஓடியது என்பது முக்கியமில்லை.

ஆனால் நாளை மறுநாள் ஒரு மனிதன் உள்ளே போகலாமா என்ற கேள்விக்கும் அதே கோப்பை நகல் எடுக்கிறார்கள். வருடம் முழுக்கத் தினம் ஒரு டம்ளர் காபி குடித்தவனுக்கும், அத்தனையையும் கடைசி வாரத்தில் குடித்தவனுக்கும் வயிறு ஒரே மாதிரிதான் இருக்கும் என்கிறது கோப்பு.

இந்த வாரம் இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. அடுத்த திங்கள் டெல்லியிலிருந்து குழு வருகிறது. அவர்களிடம் காட்ட ஒரு தகடு வேண்டுமாம்.

மார்ச் 3, செவ்வாய்

உண்மையில் ஓடியபடி எழுதிப் போட்டுப் பார்த்தேன். எஃகில் ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. தகட்டை மாட்டுகிற அலுமினியச் சட்டத்தில்தான் வித்தியாசம். அலுமினியத்தில் வேகமான நியூட்ரான் மோதினால் கதிரியக்கச் சோடியம் உண்டாகும். பதினைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைகிற ஜாதி. மெல்லிசாகச் சராசரி போட்டால் அது சேரச் சேரக் கரைந்துகொண்டே இருக்கும், கணக்கில் கண்ணுக்கே தெரியாது. இரவு பகலாக ஓட்டினால் மூன்றே நாளில் உச்சத்துக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது விடுகிற கதிர் ஈயக் கவசத்தையே ஊடுருவும்.

வெள்ளிக்கிழமை மாலை நிறுத்துகிறார்கள். சனிக்கிழமை உள்ளே போகிறார்கள். தாய்க் கோப்பின்படி அன்றைக்கு அறையில் இருக்கும் கதிர் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. என் கணக்கின்படி அந்த அளவைப்போலப் பன்னிரண்டு மடங்கு. ஒரு ஆள் ஐந்து வருடத்தில் வாங்கலாம் என்று சட்டம் சொல்வதை அரை மணி நேரத்துக்குள் வாங்கிக்கொண்டு வருவார். அன்றைக்கே சுருண்டு விழமாட்டார். ஆனால் உடம்புக்கு அது தெரியும்.

நூலகத்தில் குறையில்லை. நிரலில் குறையில்லை. நாங்கள் அதற்குச் சொன்ன கதைதான் பொய்.

மூன்று தடவை ஓட்டினேன். அதே எண்தான் வருகிறது. இத்தனைக்கும் வேண்டியது ஒன்றுமில்லை. கதவைச் சாத்திவிட்டு அடுத்த புதன்வரை சும்மா இருந்தால் போதும், தானாக ஆறிவிடும்.

மார்ச் 4, புதன்

சாரிடம் போனேன். என் தாள்களைப் புரட்டினார். சூத்திரம், தரவு எல்லாம் பார்த்துவிட்டு, கணக்கில் தப்பில்லை என்று அவரே சொன்னார். பிறகு, இத்தனை வருடமாக இதே கோப்பு, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார். இத்தனை வருடமாக இயந்திரம் ஒரு வாரம் சேர்ந்தாற்போல ஓடியதே இல்லை என்றேன். திங்கள்கிழமை குழு வருகிறது என்றார். ஃபோட்டோவைக் காட்டுங்கள் என்றேன்.

"ஃபோட்டோ பாக்கவா டெல்லியில இருந்து வாராங்க?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. என் அப்பா இறந்தபோது மூன்று நாள் கூட இருந்தவர். கெட்டவர் என்றால் திட்டிவிட்டு வந்திருப்பேன். இவர் எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, நீங்கள் ததேயு விஷயத்தில் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறீர்கள் மேடம் என்று மெல்லமாகச் சொன்னார். எனக்கு என்ன உணர்ச்சி? சோடியத்துக்கு ததேயுவைத் தெரியுமா? காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

பாதுகாப்பு அதிகாரி மெஹருன்னிசாவிடம் தாள்களைக் கொடுத்தேன். காயல்பட்டினத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், வார்த்தையை அளந்து பேசுகிறவள். படித்துவிட்டு, அனுமதிச் சீட்டில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் அக்கா, நீங்க போங்க என்றாள். அப்பாடா என்று இருந்தது.

ஹாஸ்டலுக்கும் போனேன். குக்கர் வாங்கத்தான் போனேன். போன இடத்தில் சொல்லிவைத்தேன்: சனிக்கிழமை உள்ளே போகக் கூடாது, இதுதான் எண், இதுதான் காரணம். அந்த ஆள் லுங்கியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பன்னிரண்டு மடங்கா என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்றார். என்ன சரி என்று கேட்டதற்கும் சரி என்றார்.

குக்கரைக் கொடுத்தார். புது கேஸ்கட் போட்டிருக்கிறது. இளைத்திருக்கிறார். அந்த மெஸ்ஸில் சாப்பிட்டால் யார்தான் இளைக்கமாட்டார்கள்.

மார்ச் 6, வெள்ளி

மாலை இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். சிலுவைப்பாதைக்குப் போனேன். கால் வலி.

மார்ச் 7, சனி

மீன் வாங்கப் போனேன். ஊளி நன்றாக இருந்தது. ஐஸ் போடாத மீனா என்று நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பூரணம் நின்றாள். ததேயுவின் குழுவில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிற முத்துராமனின் மனைவி. கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ததேயு அண்ணன் எங்க வீட்டுக்காரர வெளியவே நிக்கச் சொல்லிட்டு தனியா உள்ள போனாவளாம்க்கா. தகட்டையும் எடுத்துட்டு வந்துட்டாவளாம். அப்பிடி ஒரு மனுசன் உண்டுமா?"

எப்போது என்று கேட்டேன். காலையிலேயே முடிந்துவிட்டதாம்.

மீனை வாங்கினேனா, காசு கொடுத்தேனா, தெரியவில்லை. நேராகக் கான்கிரீட் அறைக்குப் போனேன். வெளிக்கதவில் பூட்டு. மெஹருன்னிசாவுக்கு ஃபோன் போட்டேன். அவளை நேற்று மாலையே டெல்லிக் குழுவினரின் விருந்தினர் விடுதி ஏற்பாட்டுக்கென்று திருநெல்வேலிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் இடத்தில் இருந்த உதவியாளர் தாய்க் கோப்பின் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாதுகாப்பு அதிகாரியை அனுப்பித்தான் கட்டிலுக்கு விரிப்பு போட வேண்டுமா? அவள் ஃபோனில் அழுதாள். அவளையும் திட்டிவிட்டேன்.

அந்த ஆள் ஃபோனை எடுக்கவில்லை. ஹாஸ்டல் அறையும் பூட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் மீன் இருந்தது. குழம்பு வைத்தேன். யாருக்கு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கொட்டிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

குழு வந்தது. தகட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். இரண்டு நிமிடம் பார்த்தார்கள். ஒருவர் நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர் மணப்பாடு கடற்கரை எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

மார்ச் 11, புதன்

உள்ளே போகிறவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். உடம்பு வாங்குகிற கதிரை அது பதிவு செய்யும். ததேயுவின் பேட்ஜை அவசரமாக வாசிக்கச் சொல்லி மெஹருன்னிசா அனுப்பியிருந்தாள். இன்று வந்தது. ஒன்றுமே இல்லை.

சார் அந்தத் தாளோடு என் மேசைக்கே வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பார்த்தீர்களா மேடம், நம் கோப்பு சொன்னதைவிடவும் குறைவு, நீங்கள் சொன்னது எங்கே இது எங்கே என்றார். எழுத்தில் ஒரு வரி வேண்டுமாம்: என் கணக்கு தவறு, வாபஸ் வாங்குகிறேன். திங்கள்கிழமை கூட்டத்தில் இயக்குநர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்ததாம். இந்த அளவீட்டை எங்கள் கையேட்டில் சரிபார்ப்பு அட்டவணையில் சேர்க்கப்போகிறார். வடக்கே இதேபோல இரண்டாவது இயந்திரம் கட்டுகிறார்கள். அங்கே அந்தக் கையேட்டை வைத்துத்தான் ஆட்களை உள்ளே அனுப்புவார்கள்.

மூன்று தடவை ஓட்டிய கணக்கு. எங்கே தப்பு? மத்தியானம் முழுக்க வரி வரியாகப் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

குளிக்கும்போது உறைத்தது. நான் ஒரு முட்டாள்.

தாய்க் கோப்பின்படியேகூட அவர் கொஞ்சம் வாங்கியிருக்க வேண்டும். அந்த அறைக்குள் போன எவனுக்கும் கொஞ்சம் ஏறும். பேட்ஜில் இருப்பது கேன்டீனில் டீ குடிக்கிறவனுக்கு ஏறுகிற அளவு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என் அளவு. பேட்ஜ் உள்ளே போகவே இல்லை.

ஈரத் தலையோடு ஹாஸ்டலுக்குப் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பேட்ஜ் எங்கே இருந்தது என்று கேட்டேன். பொய் சொல்லப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும். வெளியே உடை மாற்றுகிற இடத்தில், சட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பழைய ஆட்கள் செய்வதுண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அளவு ஏறினால் அந்த வருடம் உள்ளே போக விடமாட்டார்கள் என்பதற்காக. இவரும் செய்வார் என்று நினைக்கவில்லை.

நான் அவ்வளவு சொல்லியும் நம்பவில்லையா, என் படிப்பு அவ்வளவு கேவலமா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நம்பாமலா? நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு தெரியும்லா. அதான் கழட்டி வச்சேன். ஒன் கணக்கு தப்பா இருக்கும்னு தோணிருந்தா மாட்டிக்கிட்டே போயிருப்பேன்."

நான் அங்கே இருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மீதியைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். சாரிடம் முடியாது என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் முத்துராமன் போகட்டும் என்றிருக்கிறார் சார். பூரணம் இப்போது மாசமாக இருக்கிறாள். அதனால் தானே போனார். பேட்ஜில் ஏறினால் இவரை ஸ்டோருக்கு மாற்றுவார்கள், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் முத்துராமன்தான் உள்ளே போக வேண்டும். அதனால் கழற்றினார். கையில் கொண்டுபோன மீட்டர் நான் சொன்ன எண்ணையே காட்டியதாம். பார்த்துவிட்டு அணைத்துவிட்டாராம், கீச்சுக் கீச்சென்று கத்தியதால்.

கத்தியதாம். அதற்குத்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

கையேட்டைப் பற்றிச் சொன்னேன். உங்கள் பேட்ஜை நம்பி வடக்கே எத்தனை பேர் உள்ளே போவார்கள் தெரியுமா என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் உங்கள் வேலைக்கு ஆபத்து, அதனால் நான் யாரிடமும் சொல்லமாட்டேன், ஆனால் தப்பு என்றும் எழுதிக் கொடுக்கமாட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்றேன். தலை ஈரமாக இருக்கு, துவட்டிக்கோ என்று துண்டை நீட்டினார். வாங்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை.

மார்ச் 16, திங்கள்

கூட்டம். இயக்குநர், சார், மெஹருன்னிசா, நான். வாபஸ் வரியை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள், பேனாவும் மேலே இருந்தது. போடமாட்டேன் என்றேன். இயக்குநர் பொறுமையாகத்தான் கேட்டார். அளவீடு கண்முன்னால் இருக்கிறது, அதில் என்ன குறை என்று சொல்லுங்கள், இல்லையென்றால் கையெழுத்துப் போடுங்கள். குறை என்னவென்று எனக்குத் தெரியும். சொன்னால் அந்த ஆளின் வேலை போய்விடும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் பேச வாயில்லாமல் உட்கார்ந்திருந்தேன். மெஹருன்னிசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்ஜ் உள்ளே போகவில்லை என்று அந்த எண்ணைப் பார்த்து அவளும் ஊகித்திருந்தாள். நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

கதவைத் தட்டிவிட்டு அந்த ஆள் வந்தார். வேலை உடுப்பில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. யாரும் கூப்பிடவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பேட்ஜ் என் சட்டையில இருந்துச்சு சார். சட்டை ஆணியில இருந்துச்சு. நான் மட்டுந்தான் உள்ள இருந்தேன்."

சாரின் முகம் வெளுத்தது. இயக்குநர் எதற்காகக் கழற்றினீர்கள் என்று கேட்டார். அந்த ஆள் என்னைக் கை காட்டினார். அவிய கணக்கு தப்பா வந்து நான் பார்த்ததில்லை சார் என்றார்.

அத்தனை பேர் முன்னால் இப்படியா சொல்வது? எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த டைப் அடித்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

ததேயுவை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை சம்பள உயர்வும் கிடையாது. முத்துராமனை அந்த அறைப்பக்கமே விடவில்லை, அதுவரை நல்லது. எனக்கு மெமோ: பிரிவின் உள்கணக்கை அனுமதியின்றி வெளியாரிடம் சொன்னேனாம். என் புருஷன் வெளியாராம். தாய்க் கோப்பைத் திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழுவுக்குத் தலைவர் டாக்டர் கனகசபாபதி.

இனி ஒரு வாரத்துக்கு எழுதமாட்டேன். எழுதினால் பேப்பர் பொசுங்கிவிடும்.

மார்ச் 30, திங்கள்

சென்னைக்குப் போய் வந்தோம். மெஹருன்னிசாதான் விடாப்பிடியாக ஏற்பாடு செய்தாள். பேட்ஜ் இல்லாவிட்டால் என்ன, ரத்தத்தைக் கேட்கலாம் என்றாள். கதிர் பட்டால் ரத்த அணுவுக்குள் இருக்கிற குரோமோசோம் இழைகள் உடையும், உடைந்தவை தப்பும் தவறுமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியவற்றை மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் எவ்வளவு வாங்கினார் என்று தெரிந்துவிடும். எண்ணி முடிக்க மூன்று வாரம் ஆகுமாம்.

ஊசி குத்தும்போது அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அறைக்குள் தனியாகப் போகத் தெரிகிறது, ஊசிக்குப் பயம். ரயிலில் எனக்குக் கீழ் பெர்த்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறினார், முட்டி வலியோடு. நான் ஒன்றும் கேட்கவில்லை. ரத்தம் கொடுத்தவர் என்பதால் எழும்பூரில் ஒரு மாதுளை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

என் கணக்கு இதுவரை தப்பியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இந்த ஒரு தடவை தப்பட்டும். மாதாவே, தப்பட்டும். எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். சாப்பிட வந்தார். சாமியார் வரச் சொன்னாராம். சாமியாருக்கு வேறு வேலை இல்லை. கோழி கொஞ்சம் காரம், ஆனாலும் மூன்று தடவை போட்டுக்கொண்டார். ஹாஸ்டலில் எலித் தொல்லையாம். பின் அறையைக் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறேன். எலி ஒழியும்வரைதான்.

ஏப்ரல் 24, வெள்ளி

ரத்த முடிவு வந்துவிட்டது. முதலில் சாருக்குத்தான் போயிருக்கிறது. தூத்துக்குடி மக்ரூன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டார். எனக்குக் கை கொடுத்தார்.

"பிழை எல்லைக்குள்ள அப்படியே உக்காருது மேடம். கணிப்பும் அளவீடும் இவ்வளவு பொருந்தி நான் பாத்ததில்ல. கங்கிராட்ஸ்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஒருத்தர் என் தட்டில் மக்ரூன் வைத்தார். என் புருஷன் உடம்பில் எத்தனை இழை உடைந்தது என்று எண்ணி, அது நான் சொன்ன எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது என்பதற்கு மக்ரூன். தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். கை வரவில்லை.

கையேட்டின் புது அட்டவணையைத் திரையில் போட்டுக் காட்டினார். புதிய கோப்பு, ஆசிரியர் அவர், கூட நான். கணிப்பு ஒரு கட்டத்தில், அளவீடு ஒரு கட்டத்தில். அளவீட்டுக்கு எதிரே சின்ன எழுத்தில்: உயிரியல் முறை, ஒரு நபர்.

ஒரு நபராம். பெயரைப் போடுங்கள் என்றேன். மருத்துவ விவரத்தில் பெயர் போடக் கூடாது மேடம், விதி இருக்கிறது என்றார். விதி இருப்பது எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை காலையில் அந்த விதி எல்லாம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அட்டவணை அப்படியே வெளியாகும். வடக்கே இனி அலுமினியம் ஆறும்வரை கதவைச் சாத்தி வைப்பார்கள். வெளியே வந்து கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்து சீலா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், முடிவு வந்திச்சா என்று கேட்டார்.

வந்தது என்றேன். கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, என் கணக்குதான் தப்பு என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளவில்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"சரிட்டி," என்றார். "தப்புன்னே வச்சுக்குவோம்."

வச்சுக்குவோமாம். இந்த ஆளிடம் ஒரு பொய்யைக்கூட நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை.